ஒரு நோய், நான்கு சீட்டு

ஒரே ஆளிடம் நான்கு டாக்டர் சீட்டு இருப்பது முன்பெல்லாம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம்தான். இப்போது நாற்பது வயதுக்காரர்களிடமும் பார்க்கிறேன். படபடப்புக்கு ஒரு சீட்டு. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எழுதிய சீட்டு ஒன்று. கை கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை, தூக்கத்துக்கு வேறொரு மாத்திரை. எழுதிய நான்கு பேரும் தனித்தனி ஊரில், தனித்தனி நாளில் பார்த்தவர்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. நான்கையும் ஒன்றாக விரித்துப் பார்ப்பது மருந்துக்கடைக்காரியான நான் மட்டும்தான்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடை வைத்திருக்கிறேன். பிறந்ததும் இதே ஊரில், மீனவக் குடும்பத்தில். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்பேன். "அந்தக் கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்துதான் பாப்பா." டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்றால், "அவரு கேக்கலையே" என்பார்கள். கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மீன் விற்கும் பெரியம்மா ஒருவர். இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்து மூக்கில் வாசனை அற்றுப்போனது. மாதக் கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகு திரும்பியது. ஆனால் கோணலாகத் திரும்பியது. வெங்காயம் வதங்கினால் ரப்பர் கருகுவதுபோல் இருக்கிறதாம். வஞ்சிரமும் அழுகலும் அவருக்கு ஒரே வாடை. விடிகாலை ஏலத்தில் மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் ஒரு நொடியில் விலை சொன்னவர், இப்போது செவுளைப் பிரித்துச் சிவப்பு பார்க்கிறார், கண்ணில் பளபளப்பு இருக்கிறதா என்று குனிகிறார், முதுகைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று சோதிக்கிறார். அதற்குள் நல்ல கூறு கை மாறிவிடுகிறது.

மூக்கோடு போயிருந்தால் சமாளித்திருப்பார். கூடையைத் தலையில் ஏற்றி நிமிர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் இருட்டுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். வயசுக் கோளாறு, பயம், கேஸ் என்று ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள். ஒருநாள் அவரைக் கடை ஸ்டூலில் உட்காரவைத்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். ஆக்சிஜன் 98, நாடித்துடிப்பு 76. எழுந்து சும்மா நிற்கச் சொன்னேன். ஆக்சிஜன் அதே 98. துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய் ஐந்தாறு நிமிடத்தில் 114. உதடு வெளுத்து, மேசையைப் பிடித்துக்கொண்டார். படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது தெரியவே தெரியாது.

எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள், இரத்த அழுத்தம் விழாமலேயே, துடிப்பு 30க்கு மேல் ஏறினால் தன்னியக்க நரம்பு மண்டலம் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்த விதி. நாம் நினைக்காமலேயே துடிப்பையும் அழுத்தத்தையும் செரிமானத்தையும் வியர்வையையும் நடத்துகிற மண்டலம் அது. கொரோனாவுக்குப் பின் நீளும் தொல்லைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதில் இதுவும் ஒன்று. கண்டுபிடிக்கத் தேவை ஒரு ஆக்சிமீட்டர், ஒரு பி.பி. கருவி, பத்து நிமிடப் பொறுமை.

கொரோனாவுக்குப் பின் நீளும் இந்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே வரையறை சொல்லிவிட்டது. தொற்று கண்ட மூன்று மாதத்துக்குப் பிறகும் தொல்லை இருக்க வேண்டும். இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். கொரோனா வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு இப்படி ஆகிறது என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. தமிழ்நாட்டில் பதிவானவர்கள் மட்டும் 36 லட்சத்துக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. பலர் தேறியிருப்பார்கள் என்பது உண்மைதான். பாதி பேர் தேறிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மிச்சமுள்ளவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்கே?

அன்றாடம் மாலையில் வந்த அறிக்கை நினைவிருக்கும். புதிய தொற்று, இறப்பு, வீடு திரும்பியோர். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய கூலித் தொழிலாளர்களால் கடலூர் மாவட்டத்தின் எண் ஏறியபோது, ஊரே அந்த அறிக்கைக்காகக் காத்துக் கிடந்தது. மூன்றாவது வரியில் இடம்பிடித்தவர்களைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

பிற இடங்களில் தட்டியவர்களுக்குக் கிடைத்த விடை லேசானதல்ல. 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரை ஐ.சி.எம்.ஆர். ஓராண்டு போனில் பின்தொடர்ந்து விசாரித்தது. அந்த ஓராண்டுக்குள் 6.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், நோய் கண்டு இரண்டு மாத வாக்கில் 207 பேரின் நுரையீரலைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். 44 சதவீதம் பேருக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனை இரத்தத்துக்குக் கடத்தும் திறன் குறைந்திருந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் பதிவேடுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில், தொற்றுக்குப் பின் ஓராண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாமே கூடியிருந்தன. சர்க்கரை நோய் புதிதாக வரும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள், அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நாற்பதிலேயே சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவரிடம், "கொரோனா வந்திருந்ததா?" என்று கேட்கவாவது அது போதும்.

ஒரு கிருமி எப்படி மூக்கையும் இதயத்தையும் சர்க்கரையையும் தூக்கத்தையும் ஒன்றாகக் கெடுக்கும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சுனாமியைச் சொல்லித்தான் விளக்குவேன். 2004 டிசம்பர் 26இல் தண்ணீர் வந்தது, வடிந்தது. வடிந்த பிறகு கிணறு உப்பானது, என்ஜின் துருவேறியது, மரம் பட்டது. சேதம் தனித்தனி, தண்ணீர் ஒன்றுதான். இந்தக் கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கக்கூடியது; இரத்தக் குழாய் போகாத உறுப்பு உடம்பில் ஏது? அதோடு, கிருமியின் மிச்சம் சிலருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சிலருக்கு எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் மிக நுண்ணிய கட்டிகள் உறைந்து கிடப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். யாருக்கு எது என்று பிரித்தறியும் சோதனை இன்னும் வரவில்லை. இதற்கென்று தனி மாத்திரையும் வரவில்லை. மருந்து விற்கிற நானே சொல்கிறேன்: டானிக், சத்து ஊசி என்று மாதா மாதம் பணத்தைக் கரைக்காதீர்கள்.

ஆண்கள் பாடு இன்னும் மோசம், ஏனென்றால் அவர்கள் சொல்லவே மாட்டார்கள். தொழிலுக்குப் போகிறவன் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் கரையில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். ஃபைபர் போட்டில் வலை இழுக்க ஆள் முழுத் தெம்போடு வேண்டும். பாதியில் உட்கார்ந்துவிட்டால் மற்றவன் தலையில் பாரம் விழும். எனக்குத் தெரிந்த ஒருவர், முழுப் பங்கு வாங்கியவர், இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை கட்டுகிறார். ஒருநாள் கடலுக்குப் போய் வந்தால் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையிலிருந்து எழ முடியாது. வீட்டார் அதைச் சோம்பல் என்கிறார்கள். சிலர் குடி என்கிறார்கள்.

அவருக்குக் கிடைத்த ஆலோசனை என்ன தெரியுமா? "சில்வர் பீச்சுல தினமும் வேகமா நடங்க, தெம்பு வந்துடும்." நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இவர் மாதிரி ஆட்களுக்கு அது கெடுதல். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள், இந்த நோயுள்ள 25 பேரையும் ஆரோக்கியமான 21 பேரையும் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைச் சதையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசை மிதித்த பிறகு கூடுதலாகச் சேதமடைந்திருந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு இது. உழைத்த மறுநாள் விழுந்துவிடுகிறவருக்கு முதல் மருந்து, விழும் அளவுக்கு முன்னாலேயே வேலையை நிறுத்துவது. அன்றாடக் கூலியில் வாழ்கிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் இதை மருத்துவத்தோடு நிறுத்தாமல் மீனவர் நல வாரியமும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் அந்த ஊசி போட்டதாலதான்" என்று வாரம் ஒருவராவது கடையில் சொல்கிறார்கள். இளவயதில் திடீரென்று இறந்த 729 பேரை வைத்துச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தலைமையில் ஒரு ஆய்வு நடந்து, 2023இல் வெளிவந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் கூடியிருந்தது. ஊசியைப் பழிக்கிறவர் உண்மையான காரணத்தை டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார். எனக்குக் கோபம் அதில்தான்.

அரசிடம் நான் கேட்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. வீடு வீடாக வரும் பெண்கள் பி.பி. பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார். அவர்கள் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: கொரோனா வந்த பிறகு மூச்சிரைப்பு, படபடப்பு, மறதி, வாசனைக் கோளாறு, உழைத்த மறுநாள் விழும் களைப்பு, இதில் ஏதாவது உண்டா? உண்டு என்பவரை நிற்கவைத்துப் பத்து நிமிடம் துடிப்பு பாருங்கள்.

அடுத்து, சிதம்பரம். அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்து, கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. நுரையீரல், இதயம், நரம்பு, மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள் முற்பகல், இந்தத் துறையினர் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரே கோப்பில் எழுதினால் போதும். தேவனாம்பட்டினத்திலிருந்து பஸ் மாறிப் போகிறவருக்கு மூன்று நாள் கூலி மிச்சமாகும். சென்னையில் ஏற்கெனவே கொரோனாவுக்குப் பிந்தைய சிகிச்சைப் பிரிவுகள் திறக்கப்பட்டன. மாவட்டங்களுக்கு அது ஒரு பழக்கமாக வந்து சேரவில்லை.

அதுவரை, டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி எடுத்துப் போங்கள். கொரோனா எந்த மாதம் வந்தது. அதற்கு முன் இல்லாமல் பின்னால் வந்தவை எவை. முன்பு எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இப்போது எவ்வளவு. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், எழுதியவர் யாராக இருந்தாலும். எழுதத் தெரியாதவர்கள் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பழைய சீட்டுகளை எல்லாம் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.