குதிரையின் கண்ணும் பொழுதும்

கிளிநொச்சியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலங்கடந்து, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு சென்ற ஒரு சித்திரை நண்பகலில், அத்தீவில் தலைமுறைகளாய்க் கட்டின்றித் திரியும் குதிரைகளுள் ஒன்று, பவளக்கல் வேலியோரம் நின்று, ஈ மொய்த்த கடைக்கண்ணால் நீர் வடித்ததைக் கண்டேன். அத்தகைய கண்ணைச் சோதிப்போர் மறக்கலாகாத ஒன்றுண்டு: குதிரையின் விழியழுத்தம் இரவில் தாழ்ந்து, பகலொளியில் ஏறி, வெளிச்சம் முடியும் வேளையில் உச்சமடைகிறதென்று இத்தாலிய ஆய்வாளர் 2009இல் எழுதினர். ஆகையால் காலையில் அளந்ததை மாலையில் அளந்ததோடு நேரங்குறியாமல் ஒப்பிட்டு, நோயென்றோ சுகமென்றோ தீர்ப்புரைப்பது அந்த வாயில்லா ஜீவனுக்கு இழைக்கும் அநீதியாகும். கோடையில் தண்ணீரின்றி இத்தீவுக் குதிரைகள் மாண்ட துயரம் நாமறிந்ததே; குடிநீர்த் தொட்டிகளை நிரப்புவது முதற்கடமை. அதனோடு, அங்கு செல்லும் மிருகவைத்தியர் ஒவ்வொரு கண் பரிசோதனைக் குறிப்பிலும் மணியையும் தவறாது பதிய வேண்டுமென்று மாகாண நிர்வாகம் இக்கோடைக்கு முன்பே விதிக்க வேண்டும்.