வெனீர் கதவு, வெள்ளைப் பசை, ஒரு முகூர்த்த தேதி

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு பேசப்போறதும் ஆணி சம்பந்தப்பட்ட மேட்டர்தான். ஆனா இது நிஜ தச்சு வேலை.

அப்பா ரிட்டயர்மெண்ட் பணத்துல சேலையூர்ல ஒரு ஃப்ளாட் வாங்கினார். போன வருஷம் ஆவணியில கிரகப்பிரவேசம். 2015 டிசம்பர் வெள்ளத்துல, முடிச்சூர்ல நாங்க இருந்த வாடகை வீட்டு அலமாரி ஊறி உப்பிப் போனதை மறக்காத மனுஷன். அதனால பெட்ரூம் அலமாரிக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். மேல தேக்கு வெனீர்.

கார்த்திகை மழை வந்துச்சு. கதவு ரெண்டும் வில்லு மாதிரி வளைஞ்சுது. பக்கவாட்டுப் பலகையில அப்பளம் மாதிரி கொப்புளம். வந்து பார்த்த சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே தீர்ப்பு: "பசை டூப்ளிகேட்டுப்பா."

என் கட்சி வேற. பசை நல்ல பசைதான். தப்பு, அதை அழுத்தி வச்ச விதத்துலயும், எவ்வளவு நேரம் அழுத்தினோம்ங்கறதுலயும்.

அந்தக் காலத்துல எலும்பு, தோல் எல்லாம் காய்ச்சின வச்சிரத்தை சூடா தடவித்தான் ஒட்டுவாங்க. 1959ல ஃபெவிகால் வந்தப்புறம் அந்த அடுப்பு வேலை மெல்ல மெல்ல குறைஞ்சுது. இந்த வெள்ளைப் பசையில இருக்கற தண்ணி மரத்துக்குள்ள இறங்கினாத்தான் பிடிக்கும். அதுவரைக்கும் ரெண்டு பரப்பும் இடைவெளி இல்லாம சேர்ந்து இருக்கணும். சின்ன மனைப்பலகைன்னா நாலு கிளாம்ப் போதும். எட்டுக்கு நாலு ஷீட்டுல சி கிளாம்ப் ஓரத்துக்குத்தான் எட்டும், நடுவுல யார் அழுத்தறது?

எங்க வீட்ல ஆறு சிமெண்ட் மூட்டை. பொட்டி தட்டறவன் சும்மா இருப்பேனா, கணக்கு போட்டேன். மொத்தம் 300 கிலோ. 32 சதுர அடியில பரப்பினா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 10 கிராம்! பிளாஸ்டிக் உறைக்குள்ள பலகையை வச்சு காத்தை உறிஞ்சி எடுக்கற வேக்குவம் முறையில இதே இடத்துல சுமார் 800 கிராம் கிடைக்கும். 80 மடங்கு. தொழிற்சாலை ஹாட் பிரஸ் இன்னும் மேல, யூரியா ஃபார்மால்டிஹைட் பசையை 100 டிகிரிக்கு மேல சூடாக்கி சில நிமிஷத்துல முடிச்சிடுவாங்க.

அதுக்காக மூட்டை தப்புன்னு சொல்லல. பலகை சமமா இருந்து, ராத்திரி முழுக்க விட்டா அதுவே ஓரளவு போதும். நாங்க விட்டது ரெண்டு மணி நேரம். அதுலயும் மேல ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு மூலையில பசை தடவி மறு மூலைக்குப் போறதுக்குள்ள முதல் மூலை ஆடை கட்டிடும். போதாக்குறைக்கு கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் வெனீர், உள்பக்கம் ஒண்ணுமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கி காய்ஞ்சா பலகை வளையத்தான் செய்யும்.

பக்கவாட்டுப் பலகை கதை இன்னும் மோசம். நாள் இல்லைன்னு மெல்லிசு வெனீரை ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டினாங்க. மைகாவுக்கு அது சரி. வெனீர் மரம்ங்க, மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். ரப்பர் இளகி இடம் கொடுத்துடும். பாலிஷ்ல இருக்கற தின்னர் மரத்துளை வழியா இறங்கினா பசையே இளகிடும்.

கார்பெண்டர் அண்ணன்கிட்ட கோவமா கேட்டேன். அவர் நிதானமா சொன்னார்: "தம்பி, ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும்னு நான் சொன்னேன். முகூர்த்தத்துக்கு ஒம்போது நாள்தான் இருக்குன்னு சொன்னது யாரு?"

நான்தான்.

ரிலீஸ் தேதிக்காக டெஸ்டிங்ல கை வைக்கற மேனேஜரை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதே வேலையை வீட்ல நானே செஞ்சிருக்கேன்.

அதனால வீடு கட்டற மக்களுக்கு என் கருத்து. பசை பிராண்ட் பத்தி அரை நாள் விவாதம் பண்றதை விட, பிரஸ்ஸிங்குக்கு எத்தனை நாள்னு முதல்லயே கேளுங்க. முடிஞ்சா பெரிய கதவுகளை பிரஸ் இருக்கற பட்டறையில கொடுங்க. வீட்லயேன்னா பலகைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க, ஒரே பாரம் எல்லாத்துக்கும் இறங்கும். நடுவுல லேசா புடைச்ச ரீப்பரை குறுக்கே வச்சு ரெண்டு முனையிலயும் கிளாம்ப் போட்டா நடுப்பகுதியும் அழுந்தும். உள்பக்கமும் அதே மாதிரி ஒரு ஷீட் ஒட்டுங்க. ஃபேனை நிறுத்துங்க. காத்திருக்கற நாளுக்கும் கூலி கொடுங்க, அவங்களுக்கும் அது வேலை நாள்தான்.

பொங்கலுக்கு அப்புறம் கதவுகளை மாத்தினோம். இந்தத் தடவை தேதி குறிக்கல. அப்பா மட்டும் இன்னமும் காலையில காபியோட வந்து கதவை விரலால தட்டிப் பார்க்கறார், எங்கயாவது பொள்ளல் சத்தம் கேக்குதான்னு.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே? உங்க வீட்டு அலமாரி எப்படி இருக்கு?