தீவனத்தில் கலக்கும் மயில்துத்தம்

ஏலமலைத் தோட்டக்காரர்களுக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) பழகிய சரக்கு. காய் அழுகலைத் தடுக்க, தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன்பே ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போர்டோ கலவை தெளிப்பார்கள். மழைக்கு நடுவே இன்னொரு முறை. போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களுக்கு அந்த நீல நிறம் நன்றாகத் தெரியும். அதே மயில்துத்தம் கோழித்தீவனத்தில் சேர்ந்து, எருவோடும் தோட்டத்து மண்ணுக்கு வரக்கூடும் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கறிக்கோழித் தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். இரண்டிலும் துத்தநாகம் உண்டு. ஆனால் அவற்றிலுள்ள ஃபைட்டேட் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் குஞ்சின் உடம்பில் முழுதாகச் சேர்வதில்லை. துத்தநாகம் குறைந்தால் இறகு ஒழுங்காக முளைக்காது. செலினியம் குறைந்தால் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். மாங்கனீசு குறைந்தால் தசைநார் நழுவிக் கால் கோணிப்போகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1936-லேயே மாங்கனீசின் இந்தப் பங்கைக் கண்டறிந்தார்கள். நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும் பறவைக்கு இந்த நுண்தாதுக்கள் (டிரேஸ் மினரல்) கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு என்பதில்தான் வழக்கு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, கிலோ தீவனத்துக்கு 40 மில்லிகிராம் துத்தநாகமும் 8 மில்லிகிராம் தாமிரமும் போதும். வேகமாக வளரும் இன்றைய இனங்களுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் சாதாரணம். அதில் நியாயமும் இருக்கிறது. தாமிரம் அப்படியல்ல. வளர்ச்சியைத் தூண்டவும் குடல் கிருமிகளை அடக்கவும் 125 மில்லிகிராமும் அதற்கு மேலும் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ கோழித்தீவனத்தில் தாமிரம் 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐயாயிரம் கோழி உள்ள கொட்டகை ஒரு பேட்சுக்குச் சுமார் 17 டன் தீவனம் தின்னும். கிலோவுக்கு 125 மில்லிகிராம் என்றால் தாமிரம் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். மயில்துத்தமாகச் சொன்னால் எட்டு கிலோவைத் தாண்டும். 800 லிட்டர் போர்டோ கலவைக்குப் போதுமான சரக்கு அது. கோழியின் உடம்பில் தங்குவது சொற்பம். மீதி எச்சத்தோடு இறங்கி, தென்னை நார்த்தூளிலும் உமியிலும் கலந்து எருவாகிறது.

பல்லடம், உடுமலை வட்டாரத்தில் வேரூன்றிப் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையவை. எரு பெரும்பாலும் அவர் கைக்கே வருகிறது, நல்ல உபரி வருமானமும் அதுதான். ஆனால் தீவனத்தைக் கலந்தவர் அவரல்ல. எருவில் என்ன இருக்கிறது என்று அதை வாங்குகிற ஏலத் தோட்டக்காரர் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

இதற்காகக் கோழி எருவே வேண்டாம் என்று ஒதுக்குவது தவறு. ஏலச் செடிக்குத் துத்தநாகம் தேவை. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஏலத்துக்கென்றே நுண்ணூட்டக் கலவை உருவாக்கியிருக்கிறது. அந்த வகையில் எருவிலுள்ள துத்தநாகம் லாபம்தான். தாமிரத்தின் குணம் வேறு. மழையில் எளிதில் கரைந்து போகாமல் மேல்மண்ணின் மட்கைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்காண்டு சேரும். அளவு மீறினால் முதலில் அடிபடுவது மண்புழு. ஏற்கெனவே போர்டோ தெளித்துவரும் தோட்டத்தில் இந்தக் கூடுதல் சுமை எதற்கு?

குறைக்க வழியும் இருக்கிறது. ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் தானியத்திலுள்ள துத்தநாகம் விடுபடும். அமினோ அமிலத்தோடு பிணைத்த தாதுக்களைக் குறைந்த அளவிலேயே கொடுக்கலாம். விலைதான் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன், தீவன மூட்டையின் மேல் தாமிரம், துத்தநாகம், செலினியம் ஆகிய மூன்றின் அளவையும் தமிழில் அச்சிடச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும். மயிலாடும்பாறையிலுள்ள ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மலையேறும் எருவின் மாதிரிகளைச் சோதித்து முடிவுகளைத் தோட்டக்காரர்களிடம் கொடுக்கட்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.