வாய்ச்சொல்லுக்குக் கிளம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு கடை வாசலில் இறங்கினால் நாம் முதலில் கேட்பது பில். பில் இல்லாவிட்டால் மூட்டையை உள்ளே வைக்க விடமாட்டோம். ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் கடிதம் போகும், பதில் வரும். கணக்கில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், ஒரு காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஐயா கூப்பிடுறாங்க, ஒரு எட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்றதும் கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எந்த வழக்கு, சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, குற்றவாளியாகக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கே மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ரைட்டர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வருகிறோம். சில சமயம் அது வெற்றுத் தாளாகவும் இருக்கிறது.

காவல் துறையினர் நமக்கு விரோதிகள் அல்லர். பூட்டை உடைத்தவனைப் பிடிக்கவும், கடை கடையாக மிரட்டிப் பணம் பறிப்பவனை அடக்கவும் அவர்களிடம்தான் ஓடுகிறோம். ஆகவே சண்டைக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. நம் தொழிலில் உள்ள பழக்கத்தைக் காவல் நிலையத்துக்கும் கொண்டு போங்கள் என்பதே என் கருத்து. காகிதம் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாயில் நுழையாத பெயர், பி.என்.எஸ்.எஸ். என்றே வைத்துக்கொள்வோம். பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. உரிமைகள் பெரும்பாலும் அப்படியேதான் உள்ளன, சில இடங்களில் கூடியும் இருக்கின்றன.

சாட்சியாக ஒருவரை அழைப்பதானால் 179-ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். குற்றம் செய்ததாகச் சந்தேகம் இருந்து, கைது அவசியமில்லை என்றால், 35(3)-ஆம் பிரிவின்படி முன்னிலையாகும்படி நோட்டீஸ் தர வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொள்முதல் பில்லுக்கும் விற்பனை பில்லுக்கும் உள்ளதைப் போன்றது. தாள் கைக்கு வந்ததும் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 35(3) என்றிருந்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள். அந்த நோட்டீஸின்படி ஒழுங்காகப் போய் வருபவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. இந்த நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நம்மில் வயதானவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீசார் வர வேண்டும். பழைய சட்டத்தில் ஆண்களுக்கு இது 65 வயதாக இருந்தது. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், 60 தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும்.

சாத்தான்குளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கில் அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்தி வந்த குடும்பத்தின் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். மறுநாள் நடுவர் முன் நிறுத்தப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23-ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார். பின்னர் சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. இதில் நாம் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் மீது எழுதப்பட்ட குற்றங்கள் ஏழாண்டுத் தண்டனைக்கு உட்பட்டவை. அத்தகைய வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றே அழிந்து போகும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன நடுவர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலையத்தில் தவறாக நடத்தப்பட்டவர் தேதியும் நேரமும் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறப் போட்டால் கிடைக்காது.

கைது என்றே ஆகிவிட்டால் என்ன கேட்பது? 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று சட்டப் பிரிவுகளாகவே உள்ளன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். அதையும் எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் அவர் கூடவே இருக்க முடியாது என்றாலும். மருத்துவப் பரிசோதனை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அடி விழுந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பின்னால் நிற்கும் போலீசாரைப் பார்த்துப் பயந்து, "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டால், பிறகு எந்த வக்கீலாலும் அதைச் சரி செய்வது கடினம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கையெழுத்து விஷயம்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம். விசாரணையில் நாம் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று 181-ஆம் பிரிவே சொல்கிறது. நம்மையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லவும் கட்டாயமில்லை. கைதுக் குறிப்பும் பறிமுதல் பட்டியலும் வேறு. அவற்றைப் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் சரியா என்று கவனித்துக் கையெழுத்திடலாம்.

கடையைச் சோதனை போட வந்தால் வாரண்ட் கேட்கலாம். அவசரத்தில் வாரண்ட் இல்லாமலும் நிலைய அதிகாரி சோதனையிட முடியும். ஆனால் அதற்கான காரணத்தை முன்னதாக எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். மனுக் கொடுத்தால் நமக்கும் இலவசமாக நகல் தர வேண்டும். சோதனையின்போது கடைக்காரர் உடனிருக்கலாம். அந்தப் பகுதியைச் சேர்ந்த, இதில் சம்பந்தமில்லாத இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் போட்டு நமக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். புதிய சட்டம் 105-ஆம் பிரிவில் முழுச் சோதனையையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. "பத்து மூட்டை" என்று எழுதினால் போதாது. என்ன சரக்கு, எத்தனை கிலோ, என்ன மார்க் என்று எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். பறிமுதலான சரக்கை நிலையத்தில் மக்கவிடவும் வேண்டாம். கெட்டுப் போகும் பண்டம் என்று சொல்லி நீதிமன்றத்தில் இடைக்காலமாகத் திரும்பக் கேட்கலாம். பொருள்களை நீண்ட காலம் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது.

இங்கே நம்மவர்களின் குணத்தையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கடையில் சோதனை என்றதும் நாம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நழுவிவிடுகிறோம். சாட்சி என்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயம். விளைவு, போலீசார் தங்களுக்குப் பழக்கமான இரண்டு பேரைக் கூட்டி வந்து மகஜரில் கையெழுத்து வாங்குகிறார்கள். பத்து மூட்டை எடுத்ததற்கு எட்டு என்று எழுதினால் கேட்க நாதியில்லை. எழுத்து மூலம் அழைத்தும் தக்க காரணமின்றிச் சாட்சிக்கு வர மறுப்பது குற்றமும் ஆகும். பக்கத்துக் கடைக்காரர் நின்று பார்த்துப் படித்துக் கையெழுத்திடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு சோதனைக்கு உள்ளாகும் வியாபாரிக்கு வேறு கிடையாது.

தடை செய்யப்பட்ட குட்காவையும் ரேஷன் அரிசியையும் பதுக்கி விற்பவருக்குப் பரிந்து இதை எழுதவில்லை. ஆனால் அவருக்கும் பட்டியல் நகல் பெறும் உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்பு, எடையளவு, ஜி.எஸ்.டி. துறையினரின் அதிகாரங்கள் வேறு வகை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. யாரோ மோசடிப் பணத்தில் 300 ரூபாய்க்கு மளிகை வாங்கி, க்யூ.ஆர். அட்டையில் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறான். பத்து நாள் கழித்து வேறு மாநிலப் போலீசார் சொன்னார்கள் என்று வங்கி நம் கணக்கையே முடக்கிவிடுகிறது. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்புகிறது. இதிலும் வழி காகிதம்தான். எந்த நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். அன்றைய விற்பனை பில்லை இணைத்து அந்த நிலையத்துக்கும் வங்கிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்ற வழியில் கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் தீர்ப்பளித்துள்ளன. சில்லறை விற்பனைக்குப் பில் போடாதவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

நாம் புகார் கொடுக்கப் போகும்போதும் இதே விதிதான். கொடுத்த புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் நடுவரிடம் போகலாம்.

கேட்கும் முறையும் முக்கியம். குரலை உயர்த்துவது, கையைத் தட்டிவிடுவது, வாசலை மறிப்பது எல்லாம் அரசு ஊழியரைத் தடுத்த குற்றமாக எழுதப்படும். பிறகு நம் நியாயம் எடுபடாது. "நோட்டீஸ் கொடுங்க ஐயா, சொன்ன நேரத்துக்கு வந்துடறேன்" என்றால் போதும். கேட்டால் கோபிப்பார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் மட்டும் கேட்டால் கோபம் வரும்தான்; கடைவீதி முழுக்கக் கேட்டால் அதுவே நடைமுறையாகிவிடும்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரியிலும் போனை எடுக்கும் இரண்டு வக்கீல்களின் எண்களை அச்சிட்டு ஒவ்வொரு கடையின் கல்லாவுக்கு மேலும் ஒட்டச் செய்யுங்கள். உறுப்பினர் யாரையாவது நிலையத்துக்கு அழைத்தால், வீதிக்கு இருவர் வீதம் முறை வைத்து உடன் போய் வர ஏற்பாடு செய்யுங்கள். போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதி வைக்கச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். செலவு என்று பார்த்தால் சந்தா வசூலில் ஒரு நாள் டீச் செலவுகூட ஆகாது. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர நான் தயார்; வழிமொழிய ஒருவர் வேண்டும்.