முதல் நியமனம் மனநோய் வாட்டுக்கு

தாதியர் பட்டம் பெற்று அண்மையில் வெளிவந்த சகோதரி ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் நியமனமே மனநோய் வாட்டுக்குக் கிடைத்துவிட்டதாம். "அங்கே போனால் நாளைக்கு உன்னை யார் பெண் கேட்டு வருவார்?" என்று தாயார் கண்ணீர் வடிக்கிறாராம். உடன் பயின்ற தோழியரோ, "இரண்டு வருடம் பொது வாட்டில் நின்று கை பழகிக்கொள், இல்லையேல் படித்ததெல்லாம் மறந்துபோகும்" என்கின்றனராம். எமது கருத்து யாது என வினவியிருக்கிறார்.

தாயாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அங்கொடையில் மனநோய் வைத்தியசாலை எழுந்தது 1920களில். நாளடைவில் அவ்வூர்ப் பெயரே நம் நாட்டில் வசைமொழியாயிற்று. குறும்பு செய்யும் பிள்ளையை நோக்கி, "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று கூறாத வீடுகள் எத்தனை? இளமையில் நாமும் கூறியவர்களே, வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம். 2008ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் ஆயிற்று. பெயர் மாறியதுபோல் வசை அத்தனை எளிதில் மாறிவிடுமா?

ஆனால், தோழியர் சொல்வது சரியன்று. லிதியம் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949ஆம் ஆண்டில் அதன் பயனை உலகுக்கு அறிவித்தார். குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே சிறிதளவே வேறுபாடுள்ள மருந்து அது. நோயாளிக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டு உடலில் நீர் குறைந்தால், இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை பெரிதாக நடுங்கும், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். காலையில் தேநீர்க் கோப்பை கொடுக்கும்போது இதைக் கண்டுகொள்பவர் தாதியே அன்றோ? குளோசப்பின் என்னும் மருந்துக்கு முதல் 18 வாரமும் கிழமைக்கு ஒருமுறை வெண்குழியங்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அம்மருந்தை உண்பவருக்குத் தொண்டைநோவும் காய்ச்சலும் வந்தால், தடிமன் என்று தள்ளிவிடலாகாது. மலச்சிக்கல்கூட உயிரை வாங்கிவிடும். நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இரவோடிரவாகப் பிதற்றினால், அது பைத்தியம் என்று எழுதுமுன் சலத்தில் கிருமி உண்டா, இரத்தத்தில் சீனி குறைந்ததா என்று பார்க்க வேண்டும். கை மறந்துபோகும் இடமா இது?

புதிதாகக் கற்க வேண்டியது வேறொன்று. தாதிக்கும் நோயாளிக்கும் இடையில் வளரும் உறவே சிகிச்சையின் பெரும்பகுதி என்பதை அமெரிக்கத் தாதி ஹில்டெகார்ட் பெப்லோ 1952ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதினார். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. "சுவருக்குப் பின்னால் நின்று என்னைத் திட்டுகிறார்கள்" என ஒருவர் நடுங்குகிறார். புதியவர் ஒன்றில் "அப்படி யாருமில்லை" என்று வாதாடுவார். அல்லது "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். இரண்டும் பிழை. "எனக்கு அக்குரல் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்பது விளங்குகிறது" என்று கூறி, சற்றே அருகில் அமர்ந்திருக்க வேண்டும். வெறுமனே அமர்ந்திருப்பதும் வேலைதான் என்பது முதல் மாதத்தில் எவருக்கும் எளிதில் பிடிபடாது.

வாழ்வே வெறுத்துவிட்டதென ஒருவர் முகந்திருப்பினால், சாக வேண்டுமென்ற எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்க ஓர் ஆள் கிடைத்ததே பலருக்கு ஆறுதல். ஆனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூத்த தாதியிடமும் வைத்தியரிடமும் உடனே சொல்லியாக வேண்டும்.

வாசலை மறித்து நிற்காதீர்கள். ஒருவர் கொதித்திருக்கும்போது தனியே அருகில் போகாதீர்கள். அழுகை வந்தால் மறைக்காமல் மூத்தவர் ஒருவரிடம் வாரந்தோறும் மனந்திறந்து பேசுங்கள். ஒரு வருடம் சென்றும் மனம் ஒட்டாவிடில் வேறு வாட்டுக்கு மாற்றம் கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இன்னுமொன்று. நம் ஊர்கள் சிறியவை. வாட்டில் நீங்கள் காண்பவர் அடுத்த ஒழுங்கைக்காரராகவும் இருக்கலாம். அவர் பெயர் உங்கள் வீட்டுக் குசினிக்குள்ளும் வரக்கூடாது, தாயார் எவ்வளவு விடுத்து விடுத்துக் கேட்டாலும். சுகமாகிச் சென்றவரைச் சந்தையில் கண்டால் நீங்களாக முந்திக்கொண்டு நலம் விசாரிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் மைத்துனிக்கு அவர் என்ன கதை சொல்லி வைத்திருக்கிறாரோ! அவர் முதலில் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். சிரிக்காவிட்டால் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டு அப்பால் நடந்துவிடுங்கள்.

இப்பத்தியைத் தாயாருக்கும் காட்டுங்கள், சகோதரி. அவருக்குக் கேட்க வேண்டியது ஏதும் இருப்பின் அவரே எமக்கு எழுதட்டும்.