பச்சப்புள்ள அழுதா வசம்பு வேண்டாம், ஆள் வேணும்

கோயமுத்தூர் டவுன்ல இருந்தும் சென்னை, பெங்களூர்ல இருந்தும் தெரிஞ்சவங்க போன் பண்ணும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருதுங்க. "அண்ணா, குழந்தை பொழுது சாஞ்சா வீல் வீல்னு அழுகுது. ஊர்ல நல்ல வசம்பு, மாசிக்காய், கடுக்காய் கிடைக்குமா? உரை மருந்துக்கு ஒரு செட் வாங்கி அனுப்புங்க." தோட்டத்துல இருக்கறவன், நாட்டுமாடு வச்சிருக்கறவன், அப்ப வசம்பும் சுத்தமா வச்சிருப்பான்னு ஒரு கணக்கு. நான் அனுப்பறதில்லைங்க. ஏன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட இங்க ஒரே தடவையா எழுதிடறேன்.

முதல்ல அந்த அழுகை என்னன்னு பார்ப்போம். டாக்டருங்க அதை கோலிக்னு சொல்றாங்க. நம்ம பக்கம் வயித்துவலி, உப்புசம், உரம் விழுந்திருச்சு, கண்ணு பட்டிருச்சுன்னு வீட்டுக்கு வீடு ஒரு பேர். பிறந்து ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிக்கும். பெரும்பாலும் சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துல. முகம் செவந்து, முஷ்டியை இறுக்கி, காலை வயித்தோட மடக்கி அழும். எடுத்தாலும் நிக்காது, பால் குடுத்தாலும் நிக்காது. அப்புறம் தானா நிக்கும். 1954-ல் மாரிஸ் வெசல்னு ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதுக்கு ஒரு அளவு சொன்னார்: ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல, வாரத்துல 3 நாளுக்கு மேல, 3 வாரத்துக்கு மேல. இன்னைக்கு டாக்டருங்க யாரும் மூணு வாரம் காத்திருக்கச் சொல்றதில்லை. அவங்க பார்க்கறது வேற: பால் நல்லா குடிக்குதா, எடை ஏறுதா, காய்ச்சல் இல்லையா, அழாத நேரத்துல சொகமா இருக்குதா. இதெல்லாம் சரியா இருந்து, காரணம் தெரியாம அழுதா அது கோலிக். சுமாரா அஞ்சு குழந்தையில ஒண்ணுக்கு வருது. ஆறாவது வாரத்துல உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல தானா போயிடுது.

தானா போயிடுதுங்கறதுதான் இதுல முக்கியமான சேதி. ஏன் வருதுன்னு இன்னும் யாரும் முடிவாக் கண்டுபிடிக்கலை. குடல் முதிராதது, குடல் கிருமிகள், மூளை இன்னும் பக்குவப்படாததுன்னு பல யோசனை இருக்கு. வயித்துல காத்து சேர்றதே கூட, அழும்போது முழுங்கற காத்தாத்தான் பல நேரம் இருக்கும்.

எங்களை மாதிரி மாடு வளர்க்கறவங்களுக்கு இதை ஏத்துக்கறது கஷ்டம். மாட்டுக்கு வயிறு உப்பினா இடது பக்கம் தட்டிப் பார்ப்போம், டமடமன்னு கேட்டா உடனே வைத்தியம், இல்லைன்னா மாடு போயிடும். அதே பழக்கத்துல குழந்தைக்கும் வயித்துல ஏதோ மாட்டியிருக்கு, எடுத்தாகணும்னு தோணுது. எதைக் குடுத்தாலும் நாலாவது மாசத்துல அழுகை நிக்கும்கறதால, கடைசியா எதைக் குடுத்தமோ அதுக்குப் பேர் கிடைச்சுடுது. வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்"னு பேர் நிலைச்சதுல இதுக்கும் பங்கு இருக்கும்னு நினைக்கறேன்.

வசம்பை விளக்குல சுட்டு, உரைகல்லுல தாய்ப்பால் விட்டு ரெண்டு உரசு உரசி நாக்குல தடவறாங்க. ஒரு உரசுல எவ்வளவு மருந்து இறங்குதுன்னு யாருக்கும் தெரியாது. அதுல பீட்டா அசரோன்னு ஒரு சரக்கு இருக்கு, நம்ம நாட்டு வகையில அது அதிகம். எலிகள்ல புத்துநோய் வந்ததைப் பார்த்து 1968-லேயே அமெரிக்காவுல வசம்பை உணவுப் பொருள்ல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. இப்ப டவுன் கடையில அதை வளையலாக் கோத்து விக்கறாங்க. குழந்தை கை எங்க போகும்? வாய்க்குத்தான். அப்புறம் தொக்கம் எடுக்கறது: வயித்துல குழல் வச்சு உறிஞ்சி ஏதோ ஒண்ணை எடுத்துக் காட்டுவாங்க. வெறும் பால் மட்டும் குடிக்கற குழந்தை வயித்துல சிக்கிக்க என்னங்க இருக்கு? உரம் எடுக்கறேன்னு சேலையில போட்டு உருட்டறது, கழுத்தே நிக்காத குழந்தைக்குச் செய்யற வேலையா? சங்குல விளக்கெண்ணெய் புகட்டினா புரையேறி நுரையீரலுக்குப் போற ஆபத்து இருக்கு. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதுல இது எல்லாமே அடங்கிடுச்சு.

டவுன் சரக்கும் இதுல பெருசா ஒசத்தி இல்லை. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்துல உட்வர்ட்னு ஒருத்தர் கலந்தது. பழைய கலவையில ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தது, குழந்தை அமைதியானதுல ஆச்சரியம் என்ன? இப்ப ஆல்கஹால் இல்லை, ஆனா அழுகையைக் குறைக்குதுங்கறதுக்கு நல்ல ஆதாரமும் இல்லை. வயித்துவலி சொட்டு மருந்துல டைசைக்ளோமின் இருந்தா ஆறு மாசத்துக்குக் கீழ குடுக்கவே கூடாது, மூச்சுத் திணறல் வரலாம். மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்க.

அப்ப கிராமத்துல எதுவுமே இல்லையா? இருந்தது. ஆள் இருந்தது. அம்மாயி, அப்பத்தா, சின்னம்மா, அத்தை, பக்கத்து வீட்டக்கான்னு கை மாறிக்கிட்டே இருக்கும். குழந்தை மூணு மணி நேரம் அழுதாலும் பெத்தவ அதுல அரை மணி நேரம்தான் கேட்டிருப்பா. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி சத்தத்துலயே தூளியில தூங்கின குழந்தைங்க எத்தனை! நீங்க ஊர்ல இருந்து எடுத்துக்கிட்டுப் போக வேண்டியது இதைத்தான். ஆனா டவுனுக்கு உரைகல் போயிடுச்சு, ஆள் போகலை.

கையில வச்சிருந்தா அழுகை நின்னுடும்னு பொய் சொல்ல மாட்டேன். 1986-ல் கனடாவுல மான்ட்ரியல்ல சாதாரணக் குழந்தைகளைக் கூடுதல் நேரம் தூக்கி வச்சிருக்கச் சொன்னாங்க, ஆறாவது வாரத்துல அழுகை 43 சதவீதம் குறைஞ்சது. 1991-ல் கோலிக் வந்த குழந்தைங்ககிட்ட அதையே பார்த்தப்ப பெருசாக் குறையலை. ஆப்பிரிக்காவுல கலஹாரி பக்கம் குங் சான் மக்கள் நாள் பூரா குழந்தையை உடம்போடயே வச்சிருக்கறவங்க. அங்கயும் முதல் மூணு மாசத்துல அழுகை ஏறித்தான் இறங்குது, ஒவ்வொரு தடவையும் அழற நேரம்தான் குறைவு. ஆக, கூட ஒரு ஆள் வேணும்னு நான் சொல்றது முக்கியமா பெத்தவளுக்காகத்தான். பத்தாவது மாடி ஃபிளாட்ல தனியா அந்த அழுகையைக் கேக்கற பொண்ணு முதல்ல நினைக்கறது "எனக்குப் பால் பத்தலையோ"ன்னு. உடனே டின் பால் வந்துடுது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போனா, எடை ஏறினா, பால் பத்துதுன்னு பக்கத்துல இருந்து சொல்ல ஒரு ஆள் வேணும். தூக்கம் கெட்டு, கோபம் தலைக்கேறி, யாராவது குழந்தையைப் பிடிச்சுக் குலுக்கிட்டா மூளையில ரத்தம் கசியும், உயிரே போகலாம். அந்த அளவு வந்தா குழந்தையை மல்லாக்கப் படுக்க வச்சுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போங்க. அழட்டும், ஒண்ணும் ஆகாது.

அப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தா 15 நாள் லீவு இருக்கு. தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு கட்டாயமே சட்டத்துல இல்லை. பிறந்த உடனே அந்த 15 நாளை எடுத்தா, லீவு முடியறப்பத்தான் கோலிக் ஆரம்பிக்குது. முடிஞ்சா பாதியை ஆறாவது வாரத்துக்கு வச்சுக்குங்க. இதைச் சட்டமா எல்லாருக்கும் கேக்கறதும் நியாயம்தான்.

செஞ்சு பார்க்கக் கூடியதுன்னா இவ்வளவுதான்: பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கறது, முழிச்சிருக்கும்போது முன்னங்கையில குப்புறப் போட்டு முதுகைத் தடவறது, வெதுவெதுப்பான குளியல், மங்கலான வெளிச்சம், ஃபேன் மாதிரி ஒரே சீரான சத்தம். தூளின்னா தாழக் கட்டி, முகம் மூடாம, கண் பார்வையில. ஆடையைக் கழட்டி ஒரு தடவை பாருங்க, விரல்ல தலைமுடி சுத்தி இறுகியிருந்தாலும், அடிவயித்துல வீக்கம் இருந்தாலும் இப்படித்தான் அழும். தாய்க்குப் பத்தியம்னு பருப்பு, கீரையை நிறுத்தாதீங்க. பசும்பால் ஒத்துக்காம இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

மூணு மாசத்துக்குள்ள 100.4 டிகிரி காய்ச்சல், பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், பால் குடிக்காம துவண்டு கிடக்கறது, வயிறு கல்லு மாதிரி வீங்கறது, உச்சிக்குழி புடைக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் அது கோலிக் இல்லை. ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்புங்க, வண்டி இல்லைன்னா 108.

மத்தபடி உங்க சொந்தத்துல யாருக்காவது குழந்தை பிறந்திருந்தா, தங்கக் காப்பு போட்டுட்டு சாப்பிட்டு வந்துடாதீங்க. ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க, ரெண்டு மணி நேரம் குழந்தையை நீங்க வச்சுக்குங்க. அந்தப் பொண்ணு தூங்கட்டும்.