வினைமுதல் எங்கே?

“மறக்கப்பட்ட இசைவாணர்கள்” என்னும் தொடர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், புளூஸ் இசையைப் பற்றி எழுதுவோரிடம் தடையின்றிப் புழங்குகின்றது. செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்து நிற்பதுண்டு என்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர். இத்தொடரில் அது மறைந்து நிற்பது பலருக்கு வசதியாய்ப் போயிற்று. மறந்தவர் யார்?

பாரமவுண்ட் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெருநிறுவனங்களைச் சாராது இயங்கிய அதனைத் தொடங்கியவர்கள் இசையறிஞர் அல்லர்; விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்து விற்றவர்கள். இசைப்பெட்டிக்கு மரக்கூடு செய்யப் புகுந்தவர்கள், பெட்டி விலைபோகவேண்டித் தட்டும் வெளியிட்டனர். 1922 முதல் கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசை ஒன்றைத் தொடங்கினர். மலிவான அரக்குக் கலவையில் அழுத்திய அத்தட்டுகளில், பாட்டை முந்திக்கொண்டு இரைச்சல் கேட்கும். பாடியோருள் பெரும்பாலோர்க்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, விற்பனையில் பங்கில்லை. பாட்டின் உரிமையோ நிறுவனத்தைச் சார்ந்த பதிப்பகத்தின் பெயரில் பதிவாகும். பாடகரைத் தேடிக் கொணர்ந்த மேயோ வில்லியம்ஸ் தாமும் கறுப்பினத்தவரே. ஆகவே நிறவெறி என்ற ஒரு சொல்லால் இக்கணக்கை முடித்துவிட இயலாது.

பொருளாதாரச் சரிவே இவர்களை விழுங்கியது என்பாரும் உளர். நிறுவனம் 1932இல் ஒலிப்பதிவை நிறுத்தியது உண்மைதான். சரிவு கடையை மூடும். பாட்டை ஆக்கியவர் பெயரையுமா அழிக்கும்?

லவ்வி ஆஸ்டின் என்னும் பெண்மணி சிகாகோவில் இந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளுக்குப் பியானோ வாசித்தவர். தமக்கெனக் குழு அமைத்து நடத்தியவர். அல்பெர்ட்டா ஹன்டருடன் சேர்ந்து அவர் ஆக்கிய ‘டவுன் ஹார்ட்டட் புளூஸ்’ என்னும் பாட்டை 1923இல் கொலம்பியா நிறுவனத்திற்காகப் பெஸ்ஸி ஸ்மித் பாடினார். தட்டு பெரும் விற்பனை கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது லவ்வி ஆஸ்டின் போர்த்தளவாட ஆலையொன்றில் வேலை பார்த்தார். பின்னர் நடனப் பள்ளியில் பியானோ வாசித்தார். 1923 முதல் 1928 வரை பாரமவுண்டுக்கு ஏறத்தாழ நூறு பாட்டுகள் பாடிக்கொடுத்தவர் மா ரெய்னி. 1939இல் அவர் இறந்தபோது, சான்றிதழில் தொழில் என்னும் இடத்தில் எழுதப்பட்டது ‘வீட்டுவேலை’. எழுதிய எழுத்தரை மட்டும் நோவானேன்?

ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் விஸ்கான்சினின் கிராஃப்டன் நகரில் இந்நிறுவனத்திற்குப் பாடினார். 1964இல் மிசிசிப்பி மாநில மருத்துவமனையொன்றில் அவரைக் கண்டனர் இளைஞர் சிலர். அதே கோடையில் நியூபோர்ட் விழா மேடையில் அவர் பாடினார். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் அவர் உயிரோடுதான் இருந்தார்!

நிறுவனத்தாரினும் எனக்குச் சினம் மிகுவது, மர்மத்தைச் சுவைக்கும் சேகரிப்பாளர் மீது. 1930இல் கிராஃப்டனில் பாடிய கீஷி வைலி, எல்வி தாமஸ் இருவரையும் நிழலுருவங்களாகவே அவர்கள் வியந்து வந்தனர். ஆள் அகப்படாதவரை கதை இனிக்கும் போலும். எல்வி தாமஸ் நிழலன்று. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வாழ்ந்தவர். 1961இல் ஆய்வாளர் ஒருவர் அவரை நேரிற் கண்டு பேசிக் குறிப்பும் எடுத்தார். அக்குறிப்பு 2014ஆம் ஆண்டில்தான் உலகறிய வெளிவந்தது. எல்வி தாமஸ் 1979இலேயே இறந்துவிட்டார்.